சினை ஊசியும் வைரஸ் நோய்களும்: திருகோணமலைப் பட்டிக்காரர் கேட்கும் கேள்விகள்

தம்பலகாமம், கிண்ணியா, மூதூர்ப் பக்கத்துப் பட்டிகளுக்கும் வீட்டு மாடுகளுக்கும் பல வருடமாகச் சினை ஊசி போட்டு வருகிறேன். சினை ஊசி என்றால் செயற்கைச் சினைப்படுத்தல், காளையின் உறைந்த விந்தை மாட்டின் கருப்பைக்குள் வைப்பது. லம்பி ஸ்கின் என்று வைத்தியர்கள் சொல்லும் தோல் கட்டி நோய் 2020இல் வடக்கில் தலைகாட்டியதில் இருந்து, போகிற வீடெல்லாம் ஒரே பேச்சு. "மகன், இந்த ஊசியால நோய் வருமோ?" மாட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும் நேரத்தில் சொல்லும் பதில் யாருக்கும் போதவில்லை. அதனால் அடிக்கடி கேட்பவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

சினை ஊசியால் மாட்டுக்கு வைரஸ் நோய் வருமா?

வரலாம். அதை மறைக்க மாட்டேன். காளையின் உடம்பில் வைரஸ் இருந்தால் அது விந்திலும் இறங்கும். இரத்தத்தில் ஓடும் வைரஸ் விதைக்குள்ளும் சுரப்பிகளுக்குள்ளும் போகும். குறியின் உறையில் ஒட்டியிருப்பது விந்து எடுக்கும்போது வழிந்து சேரும்.

"அவ்வளவு குளிரில் எந்தக் கிருமி தாங்கும்?" என்று பலர் கேட்கிறார்கள். நடப்பது நேர்மாறு. திரவ நைதரசனின் குளிர் −196 பாகை செல்சியஸ். அது விந்தணுவை எப்படி வருடக்கணக்காகக் காக்கிறதோ, வைரசையும் அப்படியே காக்கும். விந்தோடு கலக்கும் அன்டிபயோட்டிக் பற்றீரியாவைத்தான் கொல்லும், வைரசைத் தொடாது. ஆக, எடுத்த விந்தைப் பிறகு சுத்தம் செய்து கொள்ளலாம் என்ற பேச்சு நடைமுறைக்கு வராது. காளை சுத்தமாக இருக்க வேண்டும்.

ஊர் நாம்பன், அதாவது பட்டியில் நிற்கும் காளை, ஒரு நேரத்தில் ஒரு மாட்டில்தான் ஏறும். விந்து நிலையத்துக் காளை ஒரு தடவை தருவதில் இருந்து சில நூறு ஸ்ட்ரோ நிரப்பி விடலாம். ஸ்ட்ரோ என்றால் விந்து அடைத்த அந்த மெல்லிய குழாய். அந்தக் காளைக்கு ஒரு நோய் இருந்து தப்பிவிட்டால் எத்தனை ஊர் மாட்டுக்குப் போகும் என்று யோசித்துப் பாருங்கள். நிலையத்துக் காளைகளைச் சோதிப்பதில் உலகம் முழுவதும் அவ்வளவு கண்டிப்பு இருப்பது இதனால்தான்.

அப்படியானால் பட்டி நாம்பனுக்கு விடுவதுதானே நல்லது?

இல்லை. இந்த ஒரு பதிலையாவது எல்லாரும் வாசிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

நிலையத்துக் காளையை யாரோ ஒருவர் சோதித்திருக்கிறார். உங்கள் பட்டியில் நிற்கும் நாம்பனை யார் சோதித்தார்கள்? போன வருடம் அது யார் பட்டியில் நின்றது? பெரும்போகத்துக்கு வயல் உழத் தொடங்கியதும் மாடுகளை வயல்வெளியில் இருந்து கிளப்பி, காட்டு ஓரத்துக்கும் குளத்துப் புல்வெளிக்கும் சாய்த்துக் கொண்டு போகிறோம். அங்கே நாலைந்து ஊர்ப் பட்டிகள் ஒரே தண்ணீரில் வாய் வைக்கின்றன. ஒரு மாடு சினைப் பருவத்துக்கு வந்து கத்தினால் எந்தப் பட்டி நாம்பன் வந்து ஏறுகிறது என்று அதன் தோலில் சுட்ட குறியைப் பார்த்தால்தான் தெரியும். அறுவடை முடிந்து எல்லாம் வயலுக்குத் திரும்பும்போது, யாருடைய நோய் யாரோடு வந்தது என்று பிரித்தறிய வழியே இல்லை.

நாம்பன் ஏறும்போது விந்து மட்டும் போவதில்லை. மூச்சும் எச்சிலும் தோலும் ஒன்றோடொன்று உரசுகின்றன. காலிலும் வாயிலும் புண் வரும் கால்வாய் நோய்க்கு அந்த நெருக்கம் ஒன்றே போதும். வைரசை விட்டாலும், பெரும்பாலும் பாலுறவால் பரவும் ட்ரைக்கோமோனாஸ், கம்பைலோபக்டர் போன்ற கிருமிகள் காளையின் உறைக்குள்ளே சத்தமில்லாமல் குடியிருக்கும். காளைக்கு ஒன்றும் தெரியாது. மாடுகள் சினை நிற்காமல் திரும்பத் திரும்பக் கத்தும். அந்த நாளில் ஐரோப்பாவில் செயற்கைச் சினைப்படுத்தல் வேகமாகப் பரவியதற்கு நல்ல இனக் காளை வேண்டும் என்ற ஆசையோடு, இந்த நோய்களில் இருந்து தப்பும் தேவையும் ஒரு பெரிய காரணம்.

"இரவல் நாம்பன் காசு கேட்காது" என்று ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார். அடுத்த வருடம் அவருடைய பட்டியில் ஏழு மாடு கன்று போடவில்லை. ஏழு மாட்டுப் பாலையும் ஏழு கன்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு அவரே என்னைக் கூப்பிட்டார்.

விந்தோடு வரக்கூடிய வைரஸ் நோய்கள் எவை?

கால்வாய் நோயை எல்லாருக்கும் தெரியும். வாயில் நுரை, நாக்கில் கொப்புளம், குளம்பு இடுக்கில் புண். இந்த வைரசில் ஏழு வகை உண்டு, இலங்கையில் சுற்றுவது பெரும்பாலும் ஓ வகை. 2014இல் நாடெங்கும் பரவியதும் அதுதான். கவனிக்க வேண்டியது என்னவென்றால், கொப்புளம் வெளியே தெரிவதற்குச் சில நாள் முன்பே பாலிலும் விந்திலும் வைரஸ் வந்துவிடும். நோய் தெரியாத காளை என்றால் நோய் இல்லாத காளை என்று பொருள் இல்லை.

தோல் கட்டி நோய் பெரும்பாலும் கடிக்கும் ஈ, நுளம்பு, உண்ணி வழியாகப் போகிறது. நம் ஊரில் பரவியதற்கும் அவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஆனால் விந்தும் ஒரு வழி என்பது ஆய்வில் நிறுவப்பட்டிருக்கிறது. தென்னாபிரிக்காவில் நோய்ப்பட்ட காளைகளின் விந்தில் ஐந்து மாதம் கழிந்தும் வைரசின் தடயம் இருந்தது. பிறகு வைரஸ் சேர்த்த விந்தை நாகுகளுக்கு, அதாவது இன்னும் கன்று ஈனாத இளம் மாடுகளுக்கு, சினை ஊசியாகப் போட்டபோது அவற்றில் சில நோய்ப்பட்டன. கட்டி காய்ந்து தோல் ஆறிவிட்டது என்பதற்காக அந்த நாம்பனை மறுவாரமே மாட்டோடு விடாதீர்கள்.

ஐ.பி.ஆர். என்பது மாட்டின் ஹேர்ப்பீஸ் வைரஸ். மூக்கில் சளி, கண்ணில் நீர், சினைமாட்டில் கரு கலைதல். பெண்குறியில் சிறு சிறு கொப்புளமும் வரும். ஒருமுறை உடம்புக்குள் போனால் நரம்பு முடிச்சில் ஒளிந்து, மாடு சாகும்வரை கூடவே இருக்கும். நீண்ட லொறிப் பயணம், பட்டினி, கன்று ஈனும் களைப்பு என்று உடம்பு தளரும் நேரத்தில் மறுபடி வெளியே வந்து விந்திலும் கலக்கும். அதனால் இந்த நோய்க்கு எதிர்ப்புச் சக்தி இரத்தத்தில் தெரிந்தாலே அந்தக் காளையைப் பல விந்து நிலையங்கள் சேர்ப்பதில்லை.

பி.வி.டி. என்ற மாட்டு வயிற்றோட்ட வைரஸ் நோய்தான் எனக்கு எப்போதும் பயம் தருவது. சினையின் முதல் நாலு மாதத்துக்குள், ஏறக்குறைய 40 நாளில் இருந்து 120 நாள் வரை, தாய்க்கு இந்த வைரஸ் தொற்றினால், வயிற்றுக் கன்றின் உடம்பு வைரசைத் தன்னுடையது என்றே எடுத்துக்கொள்கிறது. எதிர்த்துப் போராடாது. அப்படிப் பிறக்கும் கன்று உயிரோடு இருக்கும் நாளெல்லாம் மூச்சு, எச்சில், சிறுநீர், சாணம் எல்லாவற்றிலும் வைரசைக் கொட்டிக்கொண்டே இருக்கும். சில மெலிந்து சோர்ந்து கிடக்கும், சில கொழுகொழுவென்று வளரும். அப்படி வடிவாக வளர்ந்த நாம்பனை யாராவது பொலிகாளையாக வைத்துக்கொண்டால், அதன் ஒவ்வொரு துளி விந்திலும் வைரஸ் இருக்கும். கண்ணால் பார்த்துச் சொல்லவே முடியாது.

நீலநாக்கு நோயும் இந்த வரிசையில் உண்டு. அது சிறு கடியீக்களால் பரவுவது, காளையின் இரத்தத்தில் வைரஸ் ஓடும் நாட்களில் விந்திலும் வரும்.

அரச விந்தை நம்பலாமா?

இலங்கையில் சினை ஊசி 1938இலேயே தொடங்கிவிட்டது, புதுப் பழக்கம் இல்லை. குண்டசாலையிலும் பொலன்னறுவையிலும் உள்ள நிலையங்களில் காளைகளை வைத்து விந்து எடுக்கிறார்கள். நம் கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு வரும் ஸ்ட்ரோ அந்த வழியில் வருவதுதான்.

நல்ல நிலையம் எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு உலக விலங்கு சுகாதார அமைப்பின் விதிகள் உண்டு. புதுக் காளையைக் குறைந்தது 28 நாள் தனியே கட்டி வைத்துச் சோதிக்க வேண்டும். உள்ளே எடுத்த பிறகும் சோதனைகளைத் திரும்பச் செய்ய வேண்டும். கால்வாய் நோய் இருக்கும் நாடு என்றால், எடுத்த விந்தை உடனே அனுப்பாமல் குறைந்தது ஒரு மாதம் வைத்துக்கொண்டு, அந்த மாதத்தில் நிலையத்தில் எந்தக் காளைக்கும் நோய் வரவில்லை என்று பார்த்தே வெளியே விட வேண்டும். உறைந்த விந்தின் பெரிய பலமே இந்தக் காத்திருப்புத்தான். நாம்பனை வைத்துக்கொண்டு அப்படி ஒரு மாதம் பொறுக்க முடியாது. மாடு கத்துவது இன்றைக்கு.

தெரிந்தவர் ஒருவர் வெளிநாட்டு விந்து கொண்டு வந்து தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?

அனுமதியோடு, சுகாதாரச் சான்றிதழோடு வந்தது என்றால் கால்நடை வைத்தியரிடம் கேட்டு வாங்கலாம். கைமாறிக் கைமாறி வந்தது என்றால் வேண்டாம். நம் நாட்டில் இல்லாத நோயோ, இருக்கும் நோயின் புது வகையோ உள்ளே வர அந்த ஒரு குழாய் போதும்.

ஊசி போட வருபவரே நோயைக் காவி வருவாரா?

ஆம். எங்களைப் பற்றித்தான் என்றாலும் சொல்ல வேண்டும். விந்தைவிட எங்கள் கையும் காலும்தான் நம் ஊரில் பெரிய ஆபத்து என்று நான் நம்புகிறேன்.

வேலைக்கு வந்த புதிதில் ஒரு காலை, வாய்க்கால் ஓரத்துப் பட்டி ஒன்றில் மூன்று மாடு. ஊசி போடும்போது மலக்குடலுக்குள் கையை விட்டுக் கருப்பையின் கழுத்தைப் பிடிக்க வேண்டும். அதற்குப் போடும் நீளக் கையுறை பையில் ஒன்றுதான் மிச்சம். முதல் மாட்டுக்குப் போட்டதை வாய்க்காலில் அலசி, உதறி, இரண்டாவதற்கும் போட்டேன். கையை வெளியே எடுத்தபோது சாணத்தோடு ஒரு கீற்று இரத்தம், விரல் நுனியில். குடலின் உள்தோல் அவ்வளவு மெல்லியது. மூன்றாவது மாட்டின் முன்னால் நின்றபோதுதான் செய்தது உறைத்தது. கையுறையைக் கழற்றினேன், அந்த மாட்டுக்கு ஊசி போடாமல் திரும்பினேன். மாட்டுக்காரருக்குக் கோபம். அந்த மாடுகளுக்குப் பிறகு ஒன்றும் ஆகவில்லை, ஆனாலும் அந்த இரத்தக் கீற்று இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. மாட்டுக்கு இரத்தப் புற்று உண்டாக்கும் லூக்கோசிஸ் வைரஸ் விந்தில் பரவுவது அரிது. ஆனால் இரத்தம் பட்ட கையுறையை மாட்டுக்கு மாடு மாற்றாமல் போட்டால் பரவும் என்று பரிசோதனையில் கண்டிருக்கிறார்கள்.

சப்பாத்து, மோட்டார் சைக்கிள் சில்லு, மாடு கட்டும் கயிறு எல்லாம் கால்வாய் நோய் வைரசைக் காவும். வீட்டு வாசலில் ஒரு வாளி தண்ணீரும் சவர்க்காரத் தூளும் ஒரு தேய்ப்பு பிரஷும் வைத்து, "தம்பி, காலைக் கழுவிட்டு வாங்க" என்று சொல்லுங்கள். எங்களுக்குக் குறையாகப் படாது. மூதூரில் ஒரு உம்மா, நான் எத்தனை தடவை போனாலும் அந்த வாளியைக் காட்டிவிட்டுத்தான் ஸலாமுக்குப் பதில் சொல்வார். அவர் வீட்டுக்குப் போவதென்றால் எனக்கு விருப்பம்.

ஊசி போடும்போது நான் பக்கத்தில் நின்று எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் கையுறை. புதியதா? ஒரு மாட்டுக்கு ஒன்றா? பிறகு, விந்தை உள்ளே செலுத்தும் நீளக் கம்பியான ஊசித் துப்பாக்கியின் மேல் போடும் பிளாஸ்டிக் உறை. அதுவும் மாட்டுக்கு ஒன்று. பிரித்த உறையை மேசையிலோ வைக்கோலிலோ போட்டுவிட்டு எடுத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மாட்டின் பின்புறத்தைக் கழுவி, காகிதத்தாலோ சுத்தமான துணியாலோ துடைத்த பிறகுதான் துப்பாக்கி உள்ளே போக வேண்டும். சாணம் உள்ளே தள்ளப்பட்டால் கருப்பை புண்ணாகும்.

ஸ்ட்ரோவைத் திரவ நைதரசன் தாங்கியில் இருந்து இடுக்கியால் எடுத்ததும் 35 முதல் 37 பாகை வெந்நீரில், ஏறக்குறைய அரை நிமிடம் போட வேண்டும். அந்த நேரத்துக்கு வீட்டில் ஒரு சில்வர் டம்ளரும் சுடுதண்ணீர்ப் போத்தலும் தயாராக வைத்தால் எங்களுக்குப் பெரிய உதவி. வெளியே எடுத்த குழாயை ஈரமில்லாமல் துடைத்து, நுனியை வெட்ட வேண்டும். ஒரு துளி தண்ணீர் உள்ளே போனாலும் விந்தணு செத்துவிடும்.

வெட்டிய குழாயை எறிய விடாதீர்கள். அதன் மேல் காளையின் இலக்கமும் இனமும் எடுத்த திகதியும் அச்சடித்திருக்கும். ஒரு கொப்பியில் ஒட்டி, பக்கத்தில் மாட்டின் பெயரையும் நாளையும் எழுதி வையுங்கள். ஏதாவது ஒரு காளையின் விந்தில் பிழை என்று பின்னால் தெரியவந்தால், எந்தெந்த மாட்டைப் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்ல அந்தக் கொப்பி ஒன்றே வழி.

தாங்கிக்குள் ஒரு ஸ்ட்ரோவில் இருந்து மற்றதற்கு வைரஸ் போகுமா?

இரு முனையும் ஒழுங்காக மூடிய ஸ்ட்ரோ என்றால் போகாது. மூடாமல் திறந்திருந்த மாதிரிகளுக்கு நைதரசன் வழியாக வைரஸ் போனதையும், மூடியவற்றுக்குப் போகாததையும் பரிசோதனையில் பார்த்திருக்கிறார்கள். வெடித்த குழாயைப் பயன்படுத்தக் கூடாது.

ஊரில் கால்வாய் நோய் நிற்கிறது. என் மாடு கத்துகிறது. என்ன செய்வது?

விட்டுவிடுங்கள். 21 நாளில் மறுபடி கத்தும். நோய் நிற்கும் ஊருக்குள் நான் பட்டிக்குப் பட்டி போனால் நானே அதைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் ஆவேன். நாம்பனுக்கும் விடாதீர்கள், பக்கத்து மேய்ச்சலுக்கும் சாய்க்காதீர்கள். சந்தையில் மாடு வாங்குவதைத் தள்ளிப் போடுங்கள். புதிதாக வாங்கிய மாட்டை மூன்று, நாலு கிழமை தனியே கட்டுவது எந்தக் காலத்திலும் நல்லது.

தடுப்பூசி நோய் வந்த பிறகு ஓடிப் போய்ப் போடுவதற்கு அல்ல. ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று அலுவலகம் சொல்லும் நாளில் எல்லா மாட்டுக்கும் போட வேண்டும். நாம்பனைப் பிடிப்பது கஷ்டம் என்று அதை மட்டும் விட்டுவிடுகிறார்கள். பட்டியிலேயே அதிகம் அலைந்து அதிகம் உரசும் மாடு அதுதான்.

எருமைக்கும் இதே கதைதானா?

பெரும்பாலும். ஆனால் எருமை கத்துவது வெளியே தெரியாது. பகல் வெயிலில் தண்ணீருக்குள் கிடக்கும், இரவில்தான் அறிகுறி காட்டும். அதனால் சினை ஊசி எருமையில் குறைவு, கடாவை நம்பியே பட்டி நடக்கிறது. சட்டித் தயிர் வியாபாரம் முழுவதும் அந்தக் கடாவின் நலத்தில் தங்கியிருக்கிறது என்று சொல்லலாம். ஒரே கடாவை வருடக்கணக்காகப் பல பட்டிக்குக் கொடுத்து வாங்காதீர்கள். கால்வாய் நோய் எருமையில் மெதுவாக வந்து போகலாம், வாயைத் திறந்து பார்க்காமல் தெரியாது. ஆனால் அதன் வைரஸ் அருகில் நிற்கும் மாட்டை விடாது.

மாட்டுக்குக் கரு கலைந்துவிட்டது. இளங்கொடியை வழக்கம்போல மரத்தில் கட்டலாமா?

வேண்டாம். நல்லபடி ஈன்ற மாட்டின் இளங்கொடியை ஓலையில் சுற்றிப் பால் மரத்தில் கட்டுவது நம் பெரியவர்கள் வைத்த பழக்கம், அதில் எனக்கும் பிடிப்பு உண்டு. கலைந்த கரு வேறு. அதிலும் அதன் நீரிலும் கிருமி கோடிக்கணக்கில் இருக்கும். காகமும் நாயும் இழுத்துக்கொண்டு போய் அடுத்த வளவில் போடும். கையில் பொலித்தீன் உறை மாட்டி, ஆழக் குழி வெட்டி, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள்.

புதைக்கும் முன் கால்நடை வைத்தியருக்குச் சொல்லுங்கள். ஐ.பி.ஆரா, பி.வி.டி.யா, புரூசெல்லாவா என்று கண்ணால் பிரிக்க முடியாது, மாதிரி எடுத்தால்தான் தெரியும். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேல் மாடுகள் செத்தபோது, ஊரெல்லாம் புது வைரஸ் என்றுதான் பேச்சு. காரணம் குளிர் என்று பிறகு தெரிந்தது. சோதிக்காமல் பேசினால் இரண்டு பக்கமும் பிழை விடுவோம். தொற்று நோய் என்று சந்தேகம் வந்தால் அறிவிப்பது 1992ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டப்படியும் நம் கடமை.

இவை மனிதருக்குத் தொற்றுமா?

தோல் கட்டி நோய், ஐ.பி.ஆர்., பி.வி.டி. மனிதருக்கு வருவதில்லை. கால்வாய் நோயும் அப்படித்தான் என்று வைத்துக்கொள்ளலாம். புரூசெல்லா வரும். அது வைரஸ் இல்லை, பற்றீரியா, கிழக்கு மாகாணத்தில் நெடுங்காலமாக இருப்பது. விட்டு விட்டு வரும் காய்ச்சல், மூட்டு வலி. கருவைக் கையால் இழுத்தவருக்கும் பச்சைப் பால் குடித்தவருக்கும் வருகிறது. பாலைக் கொதிக்க வையுங்கள். பெண் கன்றுகளுக்கு அதற்கான தடுப்பூசி இருக்கிறது, அலுவலகத்தில் கேளுங்கள்.

மூன்று தடவை ஊசி போட்டும் சினை நிற்கவில்லை. வைரஸா?

பெரும்பாலும் நேரம் பிந்தியிருக்கும். காலையில் கத்தினால் அன்று பின்னேரம், பின்னேரம் கத்தினால் மறுநாள் காலை. கண்ணாடி போலத் தெளிந்த வழும்பு நூலாகத் தொங்கும் நேரத்திலேயே என்னைக் கூப்பிடுங்கள். வயலுக்குப் போய் வந்து, குளித்து, சாப்பிட்டு, பிறகு கூப்பிட்டால் முட்டை காத்திருக்காது. மெலிந்த மாடும் நிற்காது.

ஆனால் திரும்பக் கத்தும் நாட்களை எண்ணுங்கள். சரியாக 21 நாளில் திரும்பினால் கரு பிடிக்கவே இல்லை. 30, 40 நாள் என்று கணக்குத் தவறித் திரும்பினால், கரு பிடித்துப் பிறகு அழிந்திருக்கலாம். ஒரு மாட்டில் அப்படி என்றால் பொறுத்துப் பார்க்கலாம். ஒரே பட்டியில் மூன்று, நாலு மாட்டில் என்றால் இரத்தம் எடுத்துச் சோதிக்க வேண்டும். அந்தக் கணக்கைச் சொல்ல கலண்டரில் ஒரு வட்டம் போதும். தம்பலகாமத்தில் ஒரு அக்கா, கத்திய நாளுக்குச் சிவப்பும் ஊசி போட்ட நாளுக்கு நீலமும் போட்டு, அடுக்களைச் சுவரில் தொங்கவிட்டிருக்கிறார். போனதும் அதைத்தான் முதலில் பார்க்கிறேன்.